சார்ல்டன் அத்லெட்டிக்: மைதானத்துக்காக ரசிகர்கள் தேர்தலில் நின்றார்களாமே, உண்மையா?

நள்ளிரவு_கோல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 2025 மே மாதம் வெம்ப்ளியில் லெய்டன் ஓரியண்டை 1-0 என்று ஜெயித்து சார்ல்டன் மேல் டிவிஷனுக்கு ஏறிய ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து இந்த லண்டன் கால்பந்துக் கிளப் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கில்லெஸ்பி அடித்த அந்த ஃப்ரீ கிக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்றே தெரியாது. அதற்கு முன் சார்ல்டன் என்றால், ஒரு காலத்தில் பிரீமியர் லீக்கில் இருந்த சிவப்புச் சட்டை அணி என்பதோடு சரி.

பழைய கதையைத் தேடிப் படிக்கப் போனால் தலை சுற்றுகிறது. முதல் இருபது வருடத்தில் ஐந்தாறு மைதானம். அப்புறம் சொந்த மைதானத்தை விட்டுவிட்டு ஏழு வருடம் அடுத்தவர் மைதானத்தில் ஆட்டம். திரும்பி வருவதற்காக ரசிகர்களே கட்சி ஆரம்பித்துத் தேர்தலில் நின்றார்கள் என்று ஒருவர் சொல்கிறார். நிஜமாகவே நடந்ததா? நடந்தது என்றால், அவ்வளவு தூரம் போகிற அளவுக்கு அந்த மைதானத்தில் என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபிளாய்ட்_ரோடு பதில்:

முழுக்க உண்மை. கட்சியின் பெயர் வேலி பார்ட்டி. மைதானத்தின் பெயர் ‘தி வேலி’ (ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு) என்பதால். நான் இருப்பது பிளம்ஸ்டெட்டில். வடக்கு ஸ்டாண்டில் நானும் மகளும் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறோம். இந்தக் கதையை யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு மைதானம் ஏன் என்று கேட்டீர்கள். காசில்லை, அதுதான் காரணம். 1905 ஜூன் 9 அன்று இந்தக் கிளப்பை ஆரம்பித்தவர்கள் தேம்ஸ் கரையோரம் ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கத்துப் பையன்கள். பதினான்கு, பதினைந்து வயது. அந்தத் தெரு இன்று ஈஸ்ட்மூர் ஸ்ட்ரீட். ஆற்று வெள்ளத்தைத் தடுக்க நிறுத்தியிருக்கிற தேம்ஸ் பேரியர் கதவுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் முதலாளி யாரும் இல்லாததால் இடம் கிடைத்த இடத்தில் ஆடினார்கள். சீமென்ஸ் தொழிற்சாலைக்காரர்கள் கடலடித் தந்திக் கம்பி செய்துகொண்டிருந்தார்கள் இல்லையா, அதை ஒட்டிய புல்வெளிதான் முதல் மைதானம். பிறகு உல்விச் காமன், 1908இலிருந்து பவுண்ட் பார்க், 1913இல் கிரீனிச் பக்கம் ஹார்ன் லேன்.

இந்த 1913 முக்கியம். அதுவரை இந்த வட்டாரத்தின் பெரிய கிளப் உல்விச் ஆர்சனல். அந்த வருடம் அவர்கள் ஆற்றைத் தாண்டி வடக்கே ஹைபரிக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை மதியம் போக இடமில்லாமல் ஒரு ஊரே நின்றது. சார்ல்டன் பையன்கள் அதே வருடம் சீனியர் கால்பந்துக்கு ஏறினார்கள். ஆர்சனல் இங்கேயே இருந்திருந்தால் சார்ல்டன் இன்றைக்கும் ஒரு வட்டார அணியாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதல் உலகப் போர் முடிந்து 1919இல் கிடைத்ததுதான் வேலி. கிடைக்கும்போது அது மைதானமே இல்லை, கைவிட்டுப்போன ஒரு குவாரிப் பள்ளம். காசு கொடுத்து வேலை வாங்க வழியில்லாததால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பள்ளத்தைச் சமன் செய்து, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் மேடாகக் கொட்டினார்கள். அந்த மேடுதான் ஜனம் நின்று பார்க்கிற டெரஸ். கிழக்குப் பக்க மேடு வளர்ந்து வளர்ந்து இங்கிலாந்திலேயே பெரிய டெரஸ்களில் ஒன்றானது. உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது. இந்த மைதானம் இவர்கள் கையால் தோண்டியது.

1921இல் ஃபுட்பால் லீக்கில் இடம். 1923இல் நிர்வாகம் பெரிய கூட்டத்துக்கு ஆசைப்பட்டு கேட்ஃபோர்டில் உள்ள மவுண்ட் என்கிற மைதானத்துக்குக் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போனது. கூட்டம் பின்னால் போகவில்லை. ஒரே சீசனில் திரும்பி வந்தார்கள். அறுபது வருடம் கழித்து முடிவெடுத்தவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

1933இல் ஜிம்மி சீட் என்பவர் மேனேஜராக வந்தார். 1935இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவது, 1936இல் முதல் டிவிஷன் (அன்றைக்கு அதுதான் உச்சி), 1937இல் முதல் டிவிஷனில் இரண்டாம் இடம். மூன்று வருடத்தில்! 1938 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் ஆஸ்டன் வில்லாவோடு ஆடியபோது வேலிக்குள் 75,031 பேர். இன்றைய மைதானத்தில் சுமார் 27,000 பேர்தான் உட்கார முடியும். 1946 கோப்பை இறுதியில் டெர்பியிடம் தோல்வி, அடுத்த வருடமே திரும்பப் போய் பர்ன்லியைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று ஜெயித்தார்கள். கிறிஸ் டஃபி அடித்த கோல். கிளப்பின் ஒரே எஃப்.ஏ. கோப்பை அதுதான்.

கோப்பையை விட எனக்குப் பிடித்தது 1957 டிசம்பர் 21, ஹடர்ஸ்ஃபீல்டுடன் நடந்த ஆட்டம். அப்போது சார்ல்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் டெரெக் உஃப்டன் தோளில் அடிபட்டு வெளியே போனார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது, அதனால் பத்துப் பேர். அரை மணி நேரத்துக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்போது 5-1 என்று பின்தங்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் கடைசி நேரக் கடை வேலை இருக்கிறது என்று எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்! இடைவேளையில் பூட்ஸ் மாற்றிக்கொண்டு வந்த ஜானி சம்மர்ஸ் அன்று ஐந்து கோல் போட்டார். 6-5 என்று சார்ல்டன் முன்னால். ஹடர்ஸ்ஃபீல்டு சமன் செய்தது, 6-6. கடைசி நிமிடத்தில் ஜானி ரயன் அடித்து 7-6. லீக் ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தும் தோற்ற முதல் அணி ஹடர்ஸ்ஃபீல்டு. அவர்களுடைய மேனேஜர் யார் தெரியுமா? பின்னாளில் லிவர்பூலைத் தூக்கி நிறுத்திய பில் ஷாங்க்லி. சம்மர்ஸ் 1962இல் புற்றுநோயால் இறந்தார். அந்த ஒரு மதியத்துக்காக இந்தப் பக்கத்தில் அவர் பெயரை இன்னும் சொல்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்தை விட்டுப் போனது ஏன்? கிளப் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில் என்று ஆனதுதான் வினை. 1932 முதல் கிளிக்ஸ்டன் குடும்பம் கிளப்பை வைத்திருந்தது. 1982இல் மைக்கேல் கிளிக்ஸ்டன் கிளப்பை மார்க் ஹல்யர் என்ற இளைஞருக்கு விற்றார். நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஹல்யர் வந்த வேகத்தில் ஆலன் சிமன்சனை பார்சிலோனாவிலிருந்து கூட்டி வந்தார். 1977இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில்! சில மாதத்தில் காசு தீர்ந்து அவரும் போய்விட்டார். 1984இல் கிளப் திவாலாகி, மார்ச் மாதம் நீதிமன்றத்தில் கடைசி நேரத்தில் புது ஆட்கள் வந்து காப்பாற்றினார்கள். கிளப் பிழைத்தது, நிலம் அப்போதும் கிளிக்ஸ்டனுடையதுதான்.

1985 மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பாதுகாப்புக் கெடுபிடி வந்தது. வேலியின் பெரிய கிழக்கு டெரஸை மூடச் சொன்னார்கள். அதே நேரம் நில உரிமையாளர் மேற்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 7 அன்று கிரிஸ்டல் பேலஸோடு ஆட்டம். உள்ளே வந்த ரசிகர்கள் கையில் ஒரு துண்டுத்தாள்: இனி நம் ஆட்டங்கள் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில். எதிராக ஆட வந்திருக்கும் அதே அணியின் மைதானம்! செப்டம்பர் 21 அன்று ஸ்டோக்கை 2-0 என்று ஜெயித்தார்கள். அதோடு வேலி பூட்டப்பட்டது.

செல்ஹர்ஸ்ட் வருடங்களில் அணி நன்றாகவே ஆடியது, அதுதான் வேதனை. லெனி லாரன்ஸ் மேனேஜராக 1986இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டார், நான்கு சீசன் அங்கே தாக்குப்பிடித்தார்கள். 1987இல் எந்த டிவிஷனில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கிற பிளே ஆஃப் ஆட்டம் லீட்ஸோடு கூடுதல் நேரத்துக்குப் போய், 1-0 என்று பின்தங்கிய நிலையில் டிஃபெண்டர் பீட்டர் ஷர்ட்லிஃப் இரண்டு கோல் போட்டுக் காப்பாற்றினார். இதெல்லாம் நடக்கும்போது வேலியில் டெரஸ் படிகளுக்கு நடுவே செடி ஆளுயரம் வளர்ந்துகொண்டிருந்தது.

ரசிகர்கள் மறக்கவில்லை. 1988இல் ரிக் எவரிட் ‘வாய்ஸ் ஆஃப் தி வேலி’ என்று ஒரு ரசிகர் பத்திரிகை ஆரம்பித்தார். ரோஜர் ஆல்வென் என்ற புதுத் தலைவர் நிலத்தை மீட்கும் வேலையில் இறங்கினார். 1989 மார்ச்சில் உல்விச் டவுன் ஹாலில் கூட்டம் போட்டு, திரும்பிப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு ரசிகர்கள் தாங்களே மைதானத்துக்குள் இறங்கிப் புதரை வெட்டி, குப்பையைக் கூட்டிக் கொளுத்தினார்கள். எழுபது வருடம் முன்னால் மண்வெட்டியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அப்புறம் 1990 ஜனவரி 31. புது மைதானத்துக்கான கட்டட அனுமதியை கிரீனிச் கவுன்சில் பத்துக்கு இரண்டு என்ற ஓட்டில் நிராகரித்தது. மே 3 அன்று உள்ளாட்சித் தேர்தல். மூன்று மாதத்தில் கட்சி தயார்! 62 இடங்களில் 60க்கு வேட்பாளர் நிறுத்தினார்கள். மிச்சம் இரண்டில் நிற்காததற்குக் காரணம், அந்த உறுப்பினர்கள் மைதானத்துக்கு ஆதரவாக இருந்தவர்கள். வேட்பாளர்கள் எல்லோரும் சாதாரண ரசிகர்கள். விளம்பரத் துறையில் இருந்த ரசிகர் ஒருவர் போஸ்டர்களைச் செய்து கொடுத்தார், ஊர் முழுக்க அதே பேச்சு. கிடைத்தது 14,838 ஓட்டு, கிட்டத்தட்ட 11 சதவீதம்.

கோல்கம்பம் பதில்:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 11 சதவீதம் வாங்கி ஒரு சீட் கூட ஜெயிக்கவில்லை என்றுதான் நான் படித்திருக்கிறேன். இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது? கவுன்சில் பக்கமும் நியாயம் இருக்காதா? வரிசை வரிசையாக வீடுகள் இருக்கிற தெருக்களுக்கு நடுவே மைதானம். சனிக்கிழமை ஆனால் ஆயிரக்கணக்கில் ஆட்கள், வண்டிகள். பக்கத்தில் குடியிருப்பவர்கள் வேண்டாம் என்றால் அதையும் கேட்கத்தானே வேண்டும்.

ஃபிளாய்ட்_ரோடு பதில்:

தம்பி, சீட் கிடைக்கவில்லை என்பது சரி. பக்கத்துத் தெருக்காரர்கள் கவலையும் பொய்யில்லை. ஃபிளாய்ட் ரோட்டில் நின்று பார்த்தால் வீட்டு வாசலுக்கும் மைதானச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஆனால் இந்தத் தேர்தலை சீட் கணக்கில் பார்க்காதீர்கள். அனுமதியை மறுத்த திட்டக் குழுவின் தலைவர் அந்தத் தேர்தலில் தன் இடத்தை இழந்தார். ஒரே விஷயத்துக்காக 14,838 பேர் தங்கள் வழக்கமான கட்சியை விட்டு வந்து ஓட்டுப் போடுவார்கள் என்று எந்தக் கட்சியும் நினைத்திருக்கவில்லை. அடுத்த வருடம், 1991 ஏப்ரலில், அதே கவுன்சில் அனுமதி கொடுத்தது. உள்ளே உட்காராமலே காரியம் நடந்தது. எனக்கு இது வெற்றிதான், அதில் சந்தேகமே இல்லை.

அனுமதி வந்ததும் எல்லாம் சுகமாக முடியவில்லை. காசு தட்டுப்பாடு. 1991இல் செல்ஹர்ஸ்டை விட்டு வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்குக்கு மாறினார்கள், ஆற்றின் அந்தக் கரை. ரசிகர்களிடம் முதலீட்டுத் திட்டம் ஒன்றில் பணம் திரட்டினார்கள். 1992 செப்டம்பரில் ராபர்ட் லீயை நியூகாசிலுக்கு விற்றார்கள். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய ஆள், கையில் இருந்த நல்ல ஆட்டக்காரர்; அவரை விற்ற காசும் மைதானத்துக்குள் போனது.

1992 டிசம்பர் 5, போர்ட்ஸ்மவுத்தோடு ஆட்டம். ஆலன் கர்பிஷ்லியும் ஸ்டீவ் கிரிட்டும் சேர்ந்து மேனேஜர்களாக இருந்த காலம். மைதானத்தில் பாதி இன்னும் கட்டி முடியவில்லை, தற்காலிக ஸ்டாண்டுகள்தான். உள்ளே இருந்தது 8,337 பேர்தான். ஏழு வருடம் காத்திருந்தவர்களுக்கு ஏழாவது நிமிடத்தில் காலின் வால்ஷ் கோல் போட்டார். 1-0, ஆட்டம் அப்படியே முடிந்தது. நான் அப்போது இந்த நாட்டிலேயே இல்லை. எனக்குப் பக்கத்து சீட் பெரியவர் அன்று உள்ளே இருந்தவர்; வால்ஷ் எந்தக் காலால் அடித்தார் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் ஆட்டம் தொடங்கும் வரை நிறுத்த மாட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

செல்ஹர்ஸ்ட்_சேகர் பதில்:

நான் கிரிஸ்டல் பேலஸ் ஆள். சார்ல்டனை ஆதரித்து எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை! செல்ஹர்ஸ்டில் குடியிருந்த இரண்டாவது கிளப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சார்ல்டன் 1991இல் கிளம்பியதும் அதே வருடம் விம்பிள்டன் வந்தார்கள், தங்கள் ப்ளோ லேன் மைதானத்தை விட்டு. அவர்களுக்குத் திரும்பிப் போக வழி கிடைக்கவில்லை. 2003இல் கிளப்பையே மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், லண்டனை விட்டே வெளியே. அதற்கு முந்தைய வருடமே ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றை அடிமட்ட லீக்கில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, 2020இல்தான் ப்ளோ லேனுக்குத் திரும்பினார்கள், பழைய இடத்துக்குப் பக்கத்தில் கட்டிய புது மைதானத்தில். சார்ல்டன் ரசிகர்கள் 1990இல் சும்மா இருந்திருந்தால் அவர்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அப்போது அவர்கள் வாடகைக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். அவர்கள் பாதிக்கு மேல் காலியான மைதானத்தில் ஆடியதை இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

நள்ளிரவு_கோல்:

மிக்க நன்றி அண்ணா, சேகருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். திரும்பி வந்ததால் கிளப்புக்கு என்ன நடந்தது? அப்புறம், இப்போது நிலம் கிளப்பிடம் இருக்கிறதா?

ஃபிளாய்ட்_ரோடு பதில்:

சேகர், நல்ல வார்த்தை சொன்னீர்கள், நன்றி.

திரும்பி வந்த ஆறாவது வருடம் பிரீமியர் லீக். 1998 மே 25, வெம்ப்ளியில் சண்டர்லாந்தோடு பிளே ஆஃப் இறுதி, 4-4. கிளைவ் மெண்டோன்கா ஹாட்ரிக் போட்டார். அவர் வளர்ந்தது சண்டர்லாந்தில், சின்ன வயதில் அந்த அணியின் ரசிகர். ரிச்சர்ட் ரூஃபஸ் என்ற டிஃபெண்டர் அதுவரை கிளப்புக்காக ஒரு கோல் கூடப் போட்டதில்லை. ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரத்தில் தலையால் முட்டி 3-3 ஆக்கினார். பெனால்டியில் 7-6. மைக்கேல் கிரே அடித்த கடைசி உதையை சாஷா இலிச் பிடித்தார். கர்பிஷ்லி அதன்பின் 2006 வரை இருந்து கிளப்பை நடத்தினார். அவர் போன அடுத்த சீசனே கீழே இறங்கினோம்.

நிலம் பற்றிய கேள்விதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி. 2014இல் பெல்ஜியத்துக்காரர் ரோலண்ட் டுஷாட்லே கிளப்பை வாங்கினார். ரசிகர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. 2016இல் கவன்ட்ரியோடு ஆடிய ஆட்டத்தில் இரண்டு கிளப் ரசிகர்களும் சேர்ந்து பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் உரிமையாளர்கள் மேல் கோபம். 2020 தொடக்கத்தில் அவர் கிளப்பை விற்றார். வேலியையும் ஸ்பாரோஸ் லேன் பயிற்சி மைதானத்தையும் விற்கவில்லை. 1982இல் நடந்ததுதான் மறுபடியும் நடந்தது: கிளப் ஒருவரிடம், நிலம் இன்னொருவரிடம். அதன் பிறகு கிளப் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தப்படி வேலியில் ஆடுகிறோம்.

ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை ரசிகர்கள் முந்திக்கொண்டார்கள். ரசிகர்களின் டிரஸ்ட் விண்ணப்பித்து, கிரீனிச் கவுன்சிலின் சமூகச் சொத்துப் பட்டியலில் வேலியைச் சேர்க்க வைத்தது. அந்தப் பட்டியலில் இருக்கிற இடத்தை உரிமையாளர் விற்கப் பார்த்தால் முதலில் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வாங்க முன்வந்தால் அவர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பட்டியலில் ஐந்து வருடம்தான் இருக்கும், பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் டிரஸ்டில் சந்தா கட்டி உறுப்பினராக இருக்கிறேன், மகள் பெயரையும் சேர்த்திருக்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, அவர்கள் போடுகிற செய்திகளைப் படித்து வாருங்கள். லண்டன் வந்தால் சார்ல்டன் ஸ்டேஷனில் இறங்குங்கள், நடந்தே வந்துவிடலாம். ஆட்டம் இல்லாத நாளாக இருந்தாலும் வெளியே சாம் பார்ட்ரம் சிலையைப் பார்க்கலாம். 1934 முதல் 1956 வரை எங்கள் கோல்கீப்பர், 623 ஆட்டம். அவர் கதையை எழுத ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, தனி இழை ஒன்று திறந்து கேளுங்கள்.